மேல்சுனை மீன்கள்

மூன்றாவது முறை சோதித்தும் அதே முடிவுதான் வந்தது.

மேல்சுனையில் பிடித்த அத்தனை மீனிலும் கீழ்க்குளத்து மீனின் மரபணு. பாதிக்குப் பாதி கலப்பு.

நடக்கவே முடியாத காரியம். சுனைக்கும் குளத்துக்கும் நடுவே ஐந்து மாடி உயர அருவி இருக்கிறது. சுண்டுவிரல் நீள மீன் அதில் ஏற வேண்டுமென்றால் இறக்கை முளைக்க வேண்டும். பல்லாயிரம் வருடம் மேலே தனியாகக் கிடந்து, தலை சிறுத்து, வால் புள்ளி மறைந்து, மேல்சுனை மீன் வேறு பிறவியாகவே ஆகியிருந்தது. உலகத்தில் அதற்கு அந்த ஒரு சுனைதான் வீடு.

மாதிரிக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டாய் என்று ஆய்வகத்துப் பெண்ணைக் காய்ச்சி எடுத்தேன்.

அப்புறம்தான் தம்பி ஞாபகம் வந்தது.

தம்பி வண்ணமீன் கடை வைத்திருக்கிறான். போன கோடையில் நான் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுனையைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். மழை பொய்த்த வருடம். தினமும் போனில், மீனெல்லாம் நன்றாக இருக்கிறது, நீ முதலில் எழுந்து உட்காரு என்பான். அதைக் கேட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

கடைக்குப் போனேன். தொட்டி கழுவிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினான்.

எதையும் மறைக்கவில்லை. சுனை பாதி வற்றி மீன்கள் செத்து மிதந்தனவாம். படுக்கையில் கிடப்பவளிடம் சொல்ல மனசு வரவில்லையாம். கீழ்க்குளத்தில் மீன் பிடித்து, ஆக்சிஜன் அடைத்த பையில் கட்டி, மூச்சு வாங்க மேலே சுமந்துபோய் விட்டானாம்.

எனக்காகத்தான் செய்திருக்கிறான். திட்டவும் முடியவில்லை.

ஆனால் கணக்கு உதைத்தது. கலப்பு இருக்கிறதென்றால் அன்றைக்குப் பழைய மீன் கொஞ்சம் பிழைத்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்சமே போதும், மழை வந்ததும் தானாகப் பெருகியிருக்கும். இந்த மீனுக்கு ஆயுசே ஒரு வருடம். கலப்பில்லாத ஒன்றுகூட இனி கிடைக்காது.

"உயிரோட கொஞ்சம் இருந்துச்சு இல்ல? அப்புறம் எதுக்குடா வேற மீனை விட்டே?"

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஏழெட்டுதான்க்கா மிச்சம். அவ்ளோ பெரிய சுனையில தனியா கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு, துணைக்கு விட்டேன்."