எட்டாம் தரத்துப் பரப்பளவு

"மேசன் வேலை பழக்கவோ பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்புறது?"

பள்ளி அதிபரின் மேசையில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. அடித்தவர் தன் பெயர் சிவபாதசுந்தரம் என்று வாசலில் சொல்லிவிட்டு வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சேர்ட்டில் கத்தி மடிப்பு.

பிள்ளைக்குப் புள்ளி குறைந்த கோபத்தில் வந்த தகப்பன் போலிருக்கிறது என்று றேணுகா நினைத்தாள். வெள்ளவத்தையின் அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவள் அவள்தான்.

"பரப்பளவுப் பாடம் சேர். பிள்ளையள் தங்கட வீட்டை டேப்பால அளந்து, போன் கமராவாலயும் அளந்து சரிபார்த்து, வகுப்புக்குக் குடுத்த டப் கணினியில படமாக் கீறிப் பதியினம். கையால செய்தால் மறக்காதுகள்."

"போனும் டேப்பும்!" அவர் அதிபரைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஒரு சுவரையும் தொடாமல்தான் கணக்குப் படிச்சனான். நீளத்தை அகலத்தால பெருக்கு, முடிஞ்சுது கதை. இதுக்கொரு டப்பாம், கூத்தாம்!"

அதிபர் அன்னபாக்கியமும் சேர்ந்து சிரித்தார். றேணுகா வகுப்புக்கு முதன்முதல் போன் கொண்டுபோன நாளிலிருந்தே அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நானும் சொல்லிப் பார்த்தனான் ஐயா, இவ கேட்டால்தானே. போன கிழமை மாம்பழம் வெட்டிப் பின்னம் படிப்பிச்சவ. பின்னம் போச்சுது, எறும்பு இன்னும் போகேல்லை."

றேணுகாவுக்கு முகம் எரிந்தது. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"உங்கட பிள்ளையின்ர பெயரைச் சொல்லுங்கோ சேர். தனியா இருத்திச் சொல்லிக் குடுக்கிறன்."

"பெயர் என்னத்துக்கு? நான் எல்லாப் பிள்ளையளுக்காகவும்தான் கதைக்கிறன்." கையை உதறினார். "அந்த டப்பில கிடக்கிற வீட்டுப் படங்களை என்ர கண்ணுக்கு முன்னால அழிச்சுப்போடும். நாளைக்குத் தொடக்கம் புத்தகக் கணக்கு மட்டும்."

றேணுகா அதிபர் பக்கம் திரும்பினாள். "ஒரு குழப்பமும் இருக்கு மிஸ். ஒரே தொடர்மாடியில இருக்கிற பிள்ளையளுக்கெல்லாம், வீட்டு உறுதிப் பத்திரத்தில எழுதியிருக்கிற சதுர அடியை விடக் குறைவாத்தான் வருது. பிழையா அளந்திருக்கினம் எண்டு ஏசி, திருப்பி அளக்க விட்டனான். திருப்பியும் அதேதான்."

சிவபாதசுந்தரம் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களே! அளக்கவே தெரியாததுகள்! இதுதான் இவ படிப்பிச்ச லட்சணம். ஊர்ச் சனத்தைக் குழப்பிறதுக்கெண்டே ஒரு பாடம்!"

அதிபர் தலையாட்டினார். "உம்மை அடுத்த தவணைக்கு வச்சிருக்கிறதோ எண்டு நான் யோசிக்க வேண்டிக் கிடக்கு றேணுகா. எங்க அந்த டப்?"

டப் வகுப்பில் நுஹாவிடம் இருந்தது. அந்தத் தொடர்மாடியை அளந்த பிள்ளைகளுக்குத் தலைவி அவள்தான். அவளைக் கூட்டிவர பியோன் போனார்.

காத்திருந்த நேரத்தில் அதிபர் வந்தவருக்கு பிளேன்டீ வரவழைத்தார். றேணுகாவை இருக்கச் சொல்லவுமில்லை. வந்தவர் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, இந்தக் காலத்து டீச்சர்மாருக்குக் கரும்பலகையில் எழுதச் சோக்கட்டி பிடிக்கத் தெரியாது, போன் பிடிக்கத்தான் தெரியும் என்றார். அதற்கும் அதிபர் சிரித்தார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது என்று றேணுகா முடிவெடுத்தாள். வீட்டு வாடகையை நினைத்தால் வேறு வழி தெரியவில்லை.

கதவு திறந்தது. நுஹா டப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சிவபாதசுந்தரம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, பெரிய வீதியில் போகும் பஸ்களைப் பார்க்கத் தொடங்கினார்.

பிள்ளை சுற்றிப் போய் அவருடைய முகத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

"அங்கிள், எங்கட பிளட் வீடெல்லாம் கட்டி வித்தது நீங்கதானே? கணக்குப்படி வீட்டுக்கு ஒரு ரூம் கொறயிதே, அத எங்க வெச்சீங்க?"