பூனை வண்டிக்குப் புது சைலன்சர்

"உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில், வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பதறி எழுந்து 'ணங்'கென்று நெற்றியை இடித்துக்கொண்டார்.

வாங்கி மூன்றே மாதமான பிக்கப் வண்டி. கம்பெனி சைலன்சர் கழற்றி ஓரமாகப் போடப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் தொடை தண்டிக்கு ஒரு புதுக் குழாய் பளபளத்தது. பக்கத்தில் அவள் புருஷன், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"வா வா, சரியான நேரத்துக்கு வந்தே. இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கப் போறோம்."

"நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு இது எதுக்குங்க?"

"ஓடுது. ஆனா பூனை மாதிரில்ல வருது! வர்றதே யாருக்கும் தெரிய மாட்டேங்குது."

"தெரிஞ்சு? தெருவே கூடி நின்னு மாலை போடணுமாக்கும்!"

மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தார்.

"நானும் சொல்லிப் பார்த்துட்டேன் அக்கா. நாப்பது வயசுல இந்த ஆசை வேணாம்ணேன்னு. மனுஷன் பிடிச்ச பிடியை விடலை. சரின்னு, மூடி வச்ச குழாயாப் போட்டிருக்கேன். ஸ்டியரிங் பக்கத்துல சுவிட்ச். அதை அமுக்கினாத்தான் மூடி திறந்து கத்தும். இல்லேன்னா எப்பவும்போல வாயை மூடிட்டு ஓடும்."

"பேசிட்டே இருக்காதீங்க. அமுக்குங்க!" என்றான் புருஷன்.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, சுவிட்சை அமுக்கினார்.

அடேயப்பா! தட்டில் இருந்த ஸ்பேனர்கள் குதித்தன. எதிர்க்கடை வாசலில் தூங்கிய நாய் அலறி எழுந்து, யாரைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் தன் வாலைப் பார்த்தே குரைத்தது.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ண முடியுமா?"

"அண்ணே, இதுக்கு மேல வேணும்னா ரயில் எஞ்சினைத்தான் மாட்டணும்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் காலை பஸ்ஸில் அம்மா கிளம்புகிறாள். அப்பா போனபிறகு ஆறு மாதமாக இவர்களோடுதான் இருந்தாள். போன புதன்கிழமை, என்ன நினைத்தாளோ, பெட்டியைக் கட்டிவிட்டாள். ஊரில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் போய் ஒண்டியாக இருக்கப் போகிறாளாம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். இன்றைக்குள் எப்படியாவது அவள் மனசை மாற்றவேண்டும் என்று இவள் தவியாய்த் தவித்தால், மாப்பிள்ளை கச்சேரிக்கு ஏற்பாடு பண்ணுகிறார்!

"எங்கம்மாவை இருக்கச் சொல்லி நான் கெஞ்சிட்டிருக்கேன். இந்தச் சத்தத்தைக் கேட்டா நாளைக்குப் போறவங்க இன்னைக்கே போயிடுவாங்க. அதுக்குத்தானா இது?"

அவன் சிரித்தான்.

"நீ முன்னாடி போ. நாலு போல்ட்டை முறுக்கிட்டுப் பின்னாலேயே வந்துடறேன்."

எருமை மாட்டு மேல் மழை பெய்த கதைதான். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அம்மா சோபாவில் சாய்ந்து, இரண்டு காலையும் டீப்பாய் மேல் நீட்டி, நைட்டியோடு டி.வி. சீரியலில் மூழ்கியிருந்தாள். பக்கத்திலேயே கட்டின பெட்டி.

"குடிக்காதேடி! அவ பால்ல விஷம் கலந்துட்டாடி, பாவி!" என்று சீரியல்காரியை எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று தெருமுனையில் இடி இறங்கியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.

போச்சு என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னடி அது?"

"உன் மாப்பிள்ளை வர்றார்மா. வண்டிக்குப் புதுசா சைலன்சர் போட்டிருக்கார். இனிமே தினமும் இந்தக் கூத்துதான்."

"மாப்பிள்ளையா? அங்க வர்றப்பவே இங்க கேட்குதா?"

அம்மா சாவகாசமாகக் காலை இறக்கினாள். டி.வி.யை அணைத்தாள். அவிழ்ந்த கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டாள். தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். இவ்வளவும் ஆனபிறகுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

"வாங்க மாப்பிள்ளை. காபி போடட்டுமா?" உள்ளேயிருந்து மரியாதையாகக் குரல் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் அறைக்குள் போனவள் அசந்துபோனாள். பெட்டி காலி. புடவையெல்லாம் பழையபடி பீரோவில்.

"என்னம்மா, ஊருக்குப் போகலையா?"

"போலாம்னுதான் பார்த்தேன். மழை கிழை வரும்போல இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்."

வெளியே மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

தலைகால் புரியாத சந்தோஷத்தோடு அவள் வாசலுக்கு ஓடினாள். புருஷன் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா போகலையாம்! அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டும்!"

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போன செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போயிருந்தே. நான் வண்டியில சத்தமே இல்லாம வந்து கதவைத் திறந்துட்டேன். அத்தை நைட்டியைத் தூக்கிச் செருகிக்கிட்டு, கரண்டியை மைக்காப் பிடிச்சு, டி.வி. பாட்டுக்கு ஆடிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பாவம், முகமே செத்துப்போச்சு. மறுநாள்தான் பெட்டியைக் கட்டினாங்க."

"அடப்பாவி மனுஷா! எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ விழுந்து விழுந்து சிரிப்பே. அவங்க இன்னும் கூசிப்போயிருப்பாங்க."

சொல்லிவிட்டு, கவலையோடு தெருமுனையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆமா, அங்க வந்து சுவிட்சைப் போட்டா போதுமா? அத்தை ஒரு பாட்டை ஆடி முடிக்க நேரம் பத்தாதுன்னா சொல்லு, முந்தின தெருவுலேயே போட்டுடறேன்!"