அரக்கு வைத்த உறை

“அந்த லெட்டரை மறைச்சு வச்சுக்கிட்டு எங்களை என்னன்னு விசாரிப்பீங்க ஐயா?”

உட்காரச் சொன்னதைக் காதிலேயே வாங்காமல், நின்றபடி கேட்டாள் சூப்பர்வைசர். தையல் கம்பெனி முதலாளிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பதினான்கு வருஷமாக அவரிடம் வேலை பார்ப்பவள். சாட்சி சொல்ல இவளைக் கூட்டிவந்தது வீண்போகவில்லை.

யாரோ புகார் எழுதியிருந்தார்கள். வேலை நேரத்தில் மூன்றாம் மாடிப் பின்கதவைப் பூட்டிவிடுகிறார்கள், தீப்பிடித்தால் அறுபது பெண்களுக்கும் தப்ப வழியில்லை என்று. தொழிற்சாலை ஆய்வு அதிகாரி போய்ப் பார்த்த அன்று கதவில் பூட்டு இல்லை. ஆனாலும் கடிதத்தையும் அதனுடன் வந்த படங்களையும் நம்பி, அந்த மாடியையே மூடச் சொல்லிவிட்டார். அந்த உத்தரவை எதிர்த்துத்தான் முதலாளி இந்தத் தீர்ப்பாயத்துக்கு வந்திருந்தார்.

“ஒரு தரப்பு கொடுக்கிற ஆவணத்தை மறு தரப்பும் பார்க்கணும். அதுதான் விதி. அந்த லெட்டர் இருக்கிற உறையைப் பிரிக்கிறீங்களா?” என்று அதிகாரியைக் கேட்டார் தீர்ப்பாயத் தலைவர்.

“முடியாதுங்க ஐயா. உள்ளே பேர் இருக்கு. வெளியே தெரிஞ்சா அவங்க பொழப்புல மண்ணுதான்.” அதிகாரி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரக்கு வைத்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அப்படின்னா இதை நான் சாட்சியமா எடுத்துக்க முடியாது. உத்தரவு நிக்காது.”

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் சாய்ந்தார். “போதும்மா, உட்காரு. ஜெயிச்சாச்சு. திங்கட்கிழமை மிஷினை ஓட்டிடலாம்.”

அவள் உட்காரவில்லை.

“அதெப்படிங்க ஐயா, படிக்காமலே முடிப்பீங்க? எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிங்க.”

“உங்க முதலாளிக்குச் சாதகமாத்தானேம்மா முடியுது?”

“யாருக்குச் சாதகம்னு நான் கேக்கலை. படிங்கன்னுதான் கேக்கறேன்.”

முதலாளி பல்லைக் கடித்தார். “ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? எழுதினவன் எவன்னு கண்டுபிடிச்சு, நான் அப்புறமா கவனிச்சுக்கறேன். நீ வாயை மூடு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “புகார் கொடுத்தவங்க பேரை ரகசியமா வைக்கணும்னும் ஒரு விதி என் கையைக் கட்டிப்போட்டிருக்கும்மா. அந்த ரகசியத்தை அதிகாரியும் உடைக்க முடியாது, நானும் உடைக்க முடியாது. எழுதினவங்களே வந்து சம்மதம் சொன்னாத்தான் பிரிக்கலாம்.”

“இங்கேயே, இப்பவே சொன்னாலும் செல்லுமா?”

“தாராளமா. ஆனா யார் வந்து சொல்வாங்க?”

“அவனுக்கு ஏதுங்க அவ்வளவு தைரியம்?” என்று முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு அதிகாரியின் கையிலிருந்த உறையைக் காட்டினாள்.

“பிரிங்க ஐயா. உள்ளே இருக்கறது என் பேர்தான்.”