பள்ளம் இல்லாத டிசைன்

“இது சரிப்படாதும்மா. கறுப்பு வர்ற இடமெல்லாம் பள்ளமா தெரியுது. யாராவது கால் வெச்சா உள்ள போயிடுவாங்க.”

சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் இப்படித் தள்ளிய டிசைன்களை எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள்.

“அப்ப கறுப்பை எடுத்துட்டு ஒரே வெள்ளையா போட்டுடலாமா சார்?”

“அதுக்குப் பேரு டிசைனா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். போய் வேற போட்டு எடுத்துட்டு வா.”

டைல்ஸ் கம்பெனியில் ஆயுசு முழுக்க டிசைன் பொறுக்கிய கண், லேசில் ஏமாறாது. அவளுக்கோ தலைபோகிற அவசரம். நடைவழியில் இருப்பது கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் பழைய தரை. சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கக் கொத்தனாருக்கு நாள் சொல்லியாகிவிட்டது. கொத்தனார் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டார்.

“அவரைக் கேக்காமயே பதிச்சிடலாமேம்மா?”

“அவருக்குப் பிடிக்கலைன்னா பதிச்சும் பிரயோஜனம் இல்லப்பா.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட தாளோடு மறுபடி உட்கார்ந்தாள். ஒரு சதுரம். அதன் எதிரெதிர் மூலைகளைச் சுற்றி இரண்டு வளைவுகள். பக்கத்துச் சதுரத்திலும் அதே வளைவுகள், ஆனால் கால் சுற்று திருப்பி. விதி அவ்வளவுதான். அடுத்த வரிசையை ஒரு கட்டம் தள்ளி ஆரம்பித்தாள். வளைவுகள் கூடி வட்டம் வட்டமாக வந்து நின்றன.

‘போச்சு, இதையும் பள்ளம்னுதான் சொல்லுவார்’ என்று அழித்தாள். தள்ளாமல், முதல் வரிசைக்கு நேர்கீழே அப்படியே அடுக்கிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் முரண்டு பிடித்த வளைவுகள் கைகோத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலையாக ஓடின. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை பாடு!

மணல் நிறம் ஒன்று, அதைவிடக் கொஞ்சம் அழுத்தமானது ஒன்று. வேறு நிறத்தையே தொடவில்லை. அதையே பெரிய தாள்களில் வரைந்து ஒட்டி, நடைவழி முழுக்க விரித்தாள். குனிந்து நிமிர்ந்ததில் முழங்கால் கெஞ்சியது.

“சார், ஒரு தடவை வந்து பாருங்க.”

சார் அறை வாசலில் நின்றார். பார்த்தார். கதவு நிலையைப் பிடித்த கை விடவில்லை.

“பள்ளம் இருக்கா?”

“இல்ல சார்.”

“நல்லா பாத்தியா?”

“ஒண்ணுகூட இல்ல சார்.”

கால் கட்டைவிரலால் தாளைத் தொட்டுப் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கால் பதிந்தது. அடுத்த காலும். கண்ணால் அலையைப் பிடித்துக்கொண்டே மெல்ல நடந்து அந்தக் கோடிக்குப் போய், மேஜை முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்லா வந்திருக்கும்மா.”

“அப்ப ஓகேவா சார்?”

“அதெப்படி இப்பவே சொல்ல முடியும்?” சார் குரலைத் தாழ்த்தினார். “எந்த டிசைனையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் என் சம்சாரத்துகிட்ட காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அவ கண்ணு அப்படி. கம்பெனியில யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லிடாத.”

தரைக்குப் பயந்து மாதக்கணக்காகக் கட்டிலிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, சாப்பாட்டு மேஜையில் அவருடைய பழைய இடத்தில் தட்டை வைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து தான் உட்காரும் எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

“அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க” என்றாள், ‘சார்’ போடாமல்.