புரட்டாசிக் கண்ணாடி

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பல் துலக்க வந்து நின்ற சௌந்தரபாண்டியனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி வழக்கம்போல அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவை ஊருக்கே கேட்கும்படி வாசித்தது.

“யூரியா நைட்ரஜன் முப்பத்தொன்று. நேற்று பதினான்கு. கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, சிறுநீரகத்துக்குக் குறையில்லை. தண்ணீர் குறைந்திருக்கலாம், அல்லது இறைச்சி கூடியிருக்கலாம்.”

அவர் நேற்று மதியம் தின்ற மட்டன் சுக்கா, பெருமாளுக்கும் தனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்றிருந்தார்.

மனைவி மரகதவல்லி செம்பு நிறையத் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

“விரத மாசத்துல என்னங்க இது?”

“தண்ணிதான் குடிக்கல வல்லி. ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை.”

“அப்பக் குடிங்க. இறங்குதான்னு பாப்போம்.”

ஒரே மூச்சில் குடித்தார். கண்ணாடியில் தெரிந்த எண் அசையவில்லை. திட்டுவதற்கு அவள் ஓரடி முன்னே வைத்தாள். கண்ணாடி அவளையும் பார்த்துவிட்டது.

“மரகதவல்லி, யூரியா நைட்ரஜன் முப்பத்தெட்டு.”

சௌந்தரபாண்டியன் காலிச் செம்பைக் குழாயில் நிரப்பி, மரியாதையாக அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். கூடத்துப் பெருமாள் படத்துக்கு எட்டாத குரலில் கேட்டாள்: “நீங்க எந்தக் கடைங்க? நான் போனதுல வெறும் எலும்பாப் போட்டான்.”