தாரிகா கேட்ட திமிங்கிலம்

"பிள்ளை எங்க, அம்மா? சின்ன லைஃப் ஜாக்கெட் ஒண்டு எடுத்து வச்சனான்," என்றார் திருகோணமலைப் படகோட்டி. பழைய ஞாபகத்தில் மூன்று இருக்கைகள் பதிவு செய்திருந்தாள் ஆர்த்தி.

"போன ஆவணியில தவறிட்டா."

மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது அவள் குரல். மகள் தாரிகா இறந்த அன்றே மருத்துவமனையில் ஆர்த்திக்கும் கணவன் முகிலனுக்கும் கழுத்தில் துக்கத்தை மரக்கச் செய்யும் அமைதிப் பட்டை ஒட்டிவிட்டார்கள். இன்றுவரை இருவரும் அழவில்லை.

படகோட்டி ஜாக்கெட்டை இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் படகைக் கிளப்பினார்.

நடுக்கடலில் நீலத் திமிங்கிலம் ஒன்று எழுந்து மூச்சு விட்டது. படகில் எல்லாரும் கூச்சலிட்டார்கள். மூன்று பிறந்தநாளாகத் தாரிகா இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெருசாத்தான் இருக்கு," என்றான் முகிலன்.

"ம்."

ஆர்த்தி அந்தச் சின்ன ஜாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு தன் பட்டையை உரித்தெடுத்தாள். சற்று நேரத்தில் அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"ஏய், டாக்டர் இன்னும் மூணு மாசம்னு சொன்னாரே!"

"தனியா அழ முடியலங்க. நீங்களும் எடுத்துடுங்க."

முகிலன் தன் கழுத்தைத் தடவி, பட்டையின் ஓரத்தை நகத்தால் தேடினான்.