சுவரில் ஒரு குரல்

எழிலரசி வேலைக்குப் போகும் பகல்களில் அவள் நாய் பொரி தனியாகக் குரைத்து ஊரைக் கூட்டினான். அதனால் கூடத்துச் சுவரில் ஒரு பேசும் கருவியைப் பொருத்தினாள். அவள் குரலைக் கற்றுக்கொண்டு, அதுவே நாயோடு பேசும். தண்ணீர் குடிக்கச் சொல்லும், இடி இடித்தால் தேற்றும். பொரி சமத்தாகிவிட்டான். அந்த நிம்மதியில் அவள் வீடு திரும்பும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. பிறகு வெளியூர் வேலைகளும் வந்தன. ஆண்டுகள் ஓடி, பொரி கிழடாகிப் படுத்துவிட்டான்.

“இன்னிக்குத் தாங்காதும்மா. பக்கத்துலயே இருங்க” என்றார் அவனைப் பார்க்க வந்த மருத்துவர்.

விடுப்பு எடுத்துக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். பொரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா வந்துட்டேன்டா, கண்ணத் திறடா” என்றாள். அவன் திறக்கவில்லை. முனகிக்கொண்டே இருந்தான்.

முனகலைக் கேட்டுச் சுவர் பேசியது, அவள் குரலிலேயே.

“என்னடா தங்கம்? அம்மா இங்கதானே இருக்கேன்.”

பொரியின் வால் அசைந்தது. அவள் மடியை விட்டு விலகி, சுவரை நோக்கி ஊர்ந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் கதிரேசன் பதறி எழுந்தான். “அத நிறுத்திடவா?”

“வேணாங்க” என்றாள் எழிலரசி. “அவ பேசட்டும்.”